மாதவிலக்கு நிற்கும் வயதில் ஹார்மோன் மருந்து: அம்மா பல்லைக் கடித்தாள், அக்கா கர்ப்பப்பையை எடுத்தாள், நான் என்ன செய்ய?

நோட்டெண்ணி | 14 நவம்பர் 2025, இரவு 10:40

வயது 49. விருதுநகர் பக்கம் ஒரு வங்கியில் காசாளர். எட்டு மாதமாக எனக்கு ஸ்பாஞ்சு தேவைப்படவில்லை. காசாளர் மேசையில் ஈர ஸ்பாஞ்சு டப்பா ஒன்று இருக்கும், அதில் விரலைத் தொட்டுத்தான் நோட்டு எண்ணுவோம். இப்போது என் விரலே நனைந்து கிடக்கிறது. காலை பதினொன்றரை மணி, வரிசை கதவு வரை நிற்கும் நேரமாகப் பார்த்து, நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு வெக்கை கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறும். இரண்டு மூன்று நிமிடம்தான். அப்புறம் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஏ.சி. காற்று பட்டு உடம்பு நடுங்கும். மெஷின் இருக்கிறது, ஆனாலும் கையால் ஒருமுறை எண்ணாமல் கொடுக்க எனக்கு மனசு வராது. போன மாதம் ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்விட்டது. மாலை கணக்கில் ஐந்நூறு குறைந்தது. கைக்காசு போட்டேன். 26 வருட சர்வீஸில் மூன்றாவது முறை, மூன்றும் இந்த ஆண்டுதான்.

ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் விழிப்பு. விடிந்தால் யார் மேலாவது எரிந்து விழுகிறேன். மாதவிலக்கு ஐந்து மாதமாக ஒழுங்காக வரவில்லை, நடுவில் ஒருதடவை வந்தபோது பத்து நாள் நிற்கவில்லை.

டாக்டரிடம் போனேன். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா. ஹார்மோன் எல்லாம் நமக்கு வேண்டாம், கேன்சர் வரும்" என்று சொல்லிக் கால்சியமும் தூக்க மாத்திரையும் எழுதினார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த வாரம் செய்தியில் பார்த்தால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த ஹார்மோன் மருந்துகள் மேலே போட்டிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை (இருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கை) எடுக்கப்போகிறதாம். அப்போ இருபது வருடமாகச் சொன்னது பொய்யா? இல்லை இப்போது சொல்வது பொய்யா? அம்மா காலத்தில் பல்லைக் கடித்தார்கள். அக்கா 39 வயதில் "எடுத்துத் தொலைச்சிட்டா நிம்மதி" என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டாள். எனக்கு இரண்டும் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொங்கப்பானை | 14 நவம்பர், இரவு 11:15

எனக்கு 68 வயது தாயி. எங்க காலத்துல இதுக்குப் பேரே கிடையாது. "நின்னு போச்சு", அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்லட்டுமா, எனக்கு அது நின்றபோது சந்தோஷமாக இருந்தது. அதுவரை பங்குனிப் பொங்கலுக்கு நாள் எண்ணி, எண்ணி, கடைசி நேரத்தில் "தூரம்" ஆகி, கொல்லைப் பக்கம் உட்கார்ந்த வருடங்கள் எத்தனையோ. நின்ற பிறகு ஒரு பொங்கல் தவறவில்லை, முளைப்பாரி தூக்கினேன். நோய் மாதிரியே எல்லாரும் பேசுகிறீர்கள், அதனால் சொன்னேன். வேர்வை எனக்கும் வந்தது, மோர் குடித்தேன், உளுந்தங்களி தின்றேன், போய்விட்டது.

நோட்டெண்ணி | 14 நவம்பர், இரவு 11:22

எத்தனை வருடத்தில் போனது அம்மா?

பொங்கப்பானை | 14 நவம்பர், இரவு 11:31

ஆறு ஏழு வருசம் இருக்கும்.

மகப்பேறு_மதுரை | 15 நவம்பர், காலை 6:10

நான் மகப்பேறு மருத்துவர், 22 வருடமாக. ஓ.பி. தொடங்கும் முன் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

அம்மா சொன்ன ஆறேழு வருடம் சரிதான். அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் இந்த வெக்கை சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் நீடித்ததாக வந்தது. "ரெண்டு மாசத்துல சரியாயிரும்" என்று நாங்கள் சொல்லி அனுப்புவது ஒரு சமாதானம், அவ்வளவே.

எதனால் வருகிறது? மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம் ஒன்று உண்டு. இஸ்திரிப் பெட்டியில் உள்ள தெர்மோஸ்டாட் மாதிரி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அது தொட்டதற்கெல்லாம் சிணுங்கும். உடம்பு கொஞ்சம் சூடானாலே "வெந்துபோச்சு" என்று நினைத்துத் தோல் இரத்தக்குழாய்களைத் திறந்துவிடும், வியர்வையைக் கொட்டும். அதனால்தான் முடிந்தவுடன் குளிர்கிறது. மன பலவீனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது கேன்சர் கதை. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போன்ற மருந்து) சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு வருடத்தில் பத்தாயிரம் பேரை எடுத்துக்கொண்டால், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. பக்கவாதம் 21, 29. இடுப்பு எலும்பு முறிவு தலைகீழ்: 15 பேருக்கு வரவேண்டியது 10 ஆகக் குறைந்தது.

பத்தாயிரத்துக்கு எட்டு அதிகம். பத்திரிகைகள் இதை "26 சதவீதம் அதிகம்" என்று போட்டன. கணக்கில் தப்பில்லை, வாசிப்பவர் வயிற்றில் புளியைக் கரைத்தது. அமெரிக்காவில் இந்த மருந்து எழுதுவது சில ஆண்டுகளில் பாதியாக விழுந்தது. நான் எம்.டி. படித்தது அந்த நேரத்தில்தான். "எச்.ஆர்.டி. (இந்த ஹார்மோன் சிகிச்சை) என்றால் எழுதாதே" என்பதுதான் எங்கள் தலைமுறைக்கு ஏறிய பாடம். உங்கள் டாக்டரும் அந்தத் தலைமுறையாக இருக்கலாம்.

சொல்லாமல் விட்டது என்ன? ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஹார்மோன் ஆரம்பித்தவர்களே அதிகம். 49 வயதில் வெக்கையோடு வருபவரும் 65 வயதில் இரத்தக்குழாய் தடித்தவரும் ஒன்றல்ல. வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மேலோங்கி நின்றது. மருந்தும் மாறிவிட்டது. அன்றைக்குக் கொடுத்தது கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் (கேட்டதும் முகம் சுளிப்பீர்கள், 1942-இலிருந்து விற்பனையில் உள்ள சமாச்சாரம்). இப்போது நம் உடம்பு சுரப்பதைப் போன்ற எஸ்ட்ராடியால், தோலில் தடவும் ஜெல்லாகவும் ஒட்டும் பேட்சாகவும் வருகிறது. தோல் வழியாகப் போனால் இரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைப் போல ஏறுவதாகத் தெரியவில்லை.

கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. கூடப் புரோஜெஸ்டிரோன் வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். அந்த ஒரு கறுப்புக் கட்டத்தை எஃப்.டி.ஏ.வும் எடுக்கவில்லை. செய்தியில் அதைச் சின்ன எழுத்தில்தான் போடுகிறார்கள்.

உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பத்து நாள் உதிரப்போக்கு. ஸ்கேன் எடுத்தார்களா? தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார்களா?

நோட்டெண்ணி | 15 நவம்பர், காலை 6:50

எதுவும் பார்க்கவில்லை டாக்டர். பி.பி. மட்டும் பார்த்தார்கள்.

சந்தேகப்பிராணி | 15 நவம்பர், காலை 9:05

டாக்டர் பொறுமையாக எழுதியிருக்கிறார், மரியாதையோடு கொஞ்சம் குறுக்கே வருகிறேன். இந்த ஊஞ்சல் இப்போது தொடங்கியதல்ல. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர் மாதவிலக்கு நிற்பதைக் "குறைபாட்டு நோய்" என்று எழுதி, பெண்கள் எல்லாரும் சாகும்வரை ஈஸ்ட்ரோஜன் சாப்பிட வேண்டும் என்றார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. மருந்துக் கம்பெனிப் பணம் அவருக்குப் போனது பிறகுதான் வெளியே வந்தது. 1975-இல் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஏறுவதைக் கண்டுபிடித்தார்கள், விற்பனை விழுந்தது. புரோஜெஸ்டின் சேர்த்தார்கள், ஏறியது. "இதயத்துக்கு நல்லது" என்றார்கள், இன்னும் ஏறியது. 2002-இல் விழுந்தது. இப்போது 2025, மறுபடி ஏற்றம். ஒவ்வொரு ஏற்றத்திலும் "பழைய பயம் வீண் பயம்" என்றுதான் சொன்னார்கள்.

2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம், தினமும் இரண்டு ஹார்மோனும் எடுத்தால், அடுத்த 20 வருடத்தில் ஐம்பது பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய். அது சின்ன எண்ணா? மருந்தை நிறுத்திய பிறகும் ஆபத்து கொஞ்சம் தொடர்கிறது என்றும் அதில் இருந்தது.

மகப்பேறு_மதுரை | 15 நவம்பர், பிற்பகல் 2:20

விட்டது என் தப்பு. அந்தக் கணக்கு சரி, ஐம்பதில் ஒருவர். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்பவர்களுக்கு இருநூறில் ஒருவர். மேற்கு நாட்டுப் பெண்களை வைத்துப் போட்டது. நான் மருந்து எழுதும்போது இந்த எண்ணையும் சொல்லித்தான் எழுதுகிறேன். கேட்டுவிட்டு "வேண்டாம் டாக்டர்" என்று எழுந்து போனவர்கள் உண்டு, "ஐம்பதில் நாற்பத்தொன்பதாக இருந்துவிட்டுப் போகிறேன், இன்று ராத்திரி தூங்கினால் போதும்" என்றவர்களும் உண்டு. இருவருமே சரி.

எஃப்.டி.ஏ. செய்தியிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமுக்குப் போட்டிருந்த எச்சரிக்கை தேவையே இல்லாதது, அது இரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். வறட்சி, எரிச்சல், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று என்று வரும் பாட்டிகள் அந்தத் தாளைப் படித்துவிட்டு டியூபைத் தூக்கிப் போட்ட கதை என்னிடம் நிறைய உண்டு. அதை எடுத்தது நல்லது. ஆனால் இதய நோயையும் மறதி நோயையும் தடுக்கும் மருந்து என்ற அளவுக்கு அங்கே சிலர் பேசுகிறார்கள். அதற்கு ஆதாரம் போதாது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு, நாளைக்கு வரப்போகும் நோயைத் தடுக்க என்று நான் ஹார்மோன் எழுத மாட்டேன்.

இயற்கை_அங்காடி | 15 நவம்பர், மாலை 4:00

[நெறியாளர் நீக்கினார்: விற்பனை விளம்பரம். "21 நாளில் ஹார்மோன் சமநிலை" பொடியை இங்கே இரண்டாவது முறை போடுகிறீர்கள். மூன்றாவது முறை கணக்கு முடக்கப்படும்.]

பாவூர்ச்சத்திரம்_ராணி | 15 நவம்பர், இரவு 8:45

மகள் டைப் செய்கிறாள், நான் சொல்கிறேன். எனக்கு 44. பீடி சுற்றுகிறேன். 36 வயதில் வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்துவிட்டு, "கர்ப்பப்பை வீங்கியிருக்கு, விட்டா கேன்சர் ஆயிரும், ரெண்டு பிள்ளை இருக்குல்ல, இனி அது எதுக்கு?" என்றார்கள். காப்பீட்டுக் கார்டு இருக்கிறதா என்று அதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆபரேஷன். ரெண்டு ஓவரியையும் சேர்த்து எடுத்தது டிஸ்சார்ஜ் சீட்டைப் போன வருடம் மகள் படித்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஆபரேஷன் ஆன ஒரே மாதத்தில் இந்த வெக்கை வந்தது. மெல்ல மெல்ல வரவில்லை, அடுப்புக்குள் தலையை விட்டது போல வந்தது. யாரிடம் கேட்டாலும் "ஆபரேஷன் சூடு" என்றார்கள். போன ஆடியில் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டவர், "இந்த வயசுல இவ்வளவு லேசா முறியக்கூடாதே" என்றார். நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றிய கை, இப்போது ஐந்நூறைத் தாண்டினால் கடுக்கிறது. பீடித் தூளில் கை முக்கிய பாவமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்?

மகப்பேறு_மதுரை | 15 நவம்பர், இரவு 10:05

உண்டு ராணி. உங்கள் பாவம் ஒன்றும் இல்லை.

ஓவரிதான் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் இடம். தானாக நிற்பவர்களுக்கு அது சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். இரண்டையும் எடுத்துவிட்டால் ஒரே நாளில் நிற்கும், அதனால்தான் அடுப்புக்குள் தலையை விட்டது போல இருந்தது. 36 வயதில் எடுத்தால் 50 வயது வரை உடம்புக்குக் கிடைக்கவேண்டியது பதினாலு வருடம் கிடைக்காமல் போகிறது. எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. இப்படிப்பட்டவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் கொடுப்பதுதான் முறை. 2002-இன் பயம் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. கர்ப்பப்பையும் இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். லான்செட் கணக்குக்கு மாறாக, அந்த 2002 ஆய்வின் இன்னொரு பிரிவில், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தபோது மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, பின்னாளில் பார்த்தால் குறைந்தே இருந்தது.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு பெரிய அரசு ஆஸ்பத்திரி மகப்பேறு ஓ.பி.க்குப் போங்கள். டெக்ஸா என்று எலும்பு அடர்த்தி ஸ்கேன் உண்டு, கேளுங்கள். வெள்ளைப்படுதலுக்குக் கர்ப்பப்பையை எடுத்ததைப் பற்றி நான் இங்கே எழுத ஆரம்பித்தால் நெறியாளர் என்னையும் நீக்கவேண்டி வரும்.

சந்தேகப்பிராணி | 15 நவம்பர், இரவு 10:40

டாக்டர் எழுதாததை நான் எழுதுகிறேன். அமெரிக்க லேபிளைப் பற்றிச் சண்டை போடுகிறோம், நம் ஊர் விவகாரம் ராணி அக்கா சொன்னதுதான். தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுக்குள்ளேயே கர்ப்பப்பை எடுத்தவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு மூன்று பேர், ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் எட்டு ஒன்பது பேர். பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரிகளில். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பை இல்லாமல் இருப்பது 2019-இல் வெளியே வந்து சட்டசபை வரை போனது. மாதவிலக்கு வந்தால் ஒருநாள் வேலை போகும், முகாதம் எனும் கூலி ஒப்பந்தக்காரன் அபராதம் போடுவான், அதற்கு எடுத்துவிடுவதே மேல். டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலமும் மூன்று மாதத்தில் அமல்படுத்தச் சொன்னது. நாற்பது வயதுக்குக் கீழே என்றால் இரண்டாவது டாக்டரும் பார்க்கவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் உண்டு. ராணி அக்காவுக்கு இரண்டாவது டாக்டர் கேட்டது கார்டைத்தான்.

பாவூர்ச்சத்திரம்_ராணி | 15 நவம்பர், இரவு 10:52

முதல் டாக்டரே அதைத்தான் கேட்டார் தம்பி.

லண்டன்_பூவரசு | 16 நவம்பர், அதிகாலை 3:30

இங்கே இரவு பத்து மணி. நான் யாழ்ப்பாணம், முப்பது வருடமாக லண்டனில் இருக்கிறேன், பராமரிப்பு இல்லத்தில் வேலை. எனக்கு 52. இங்கத்தையக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2021-இல் டவினா மக்கோல் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் தன் கதையைச் சனல் 4-இல் போட்டு உடைத்தார். அதன் பிறகு வேலைத்தலத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் எல்லாரும் ஜெல், பேட்ச் என்றுதான் கதைப்பார்கள். கேட்டவர் தொகை ஏறி, 2022-இல் மருந்தே தட்டுப்பாடு. ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று மருந்துக்கடைகளுக்குச் சொன்னார்கள். ஒரே பிராண்ட் ஜெல்லுக்கு நான்கு கடை ஏறி இறங்கினேன். 2023 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தில் வருடத்துக்கு ஏறத்தாழ இருபது பவுண் கட்டினால் இந்த ஹார்மோன் மருந்து எவ்வளவும் எடுக்கலாம்.

ஆனால் எங்கடை பெண்கள்? ஜீபியிடம் (குடும்ப வைத்தியர்) போய் "மேல் முழுக்க நோகுது, நெஞ்சு படபடக்குது" என்றுதான் சொல்வார்கள். மாதவிலக்கு என்ற வார்த்தையே வாயில் வராது, பக்கத்தில் மொழிபெயர்க்க மகன் நிற்கிறான் அல்லவா. ஜீபி இரத்தம் சோதிப்பார், இதயம் பார்ப்பார், பனடோல் கொடுப்பார். என் அக்கா ஒன்றரை வருடம் அப்படி அலைந்தாள். நான் ஒருநாள் கூடப் போய், மகனை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது. 45 வயது தாண்டியவருக்கு ஹார்மோன் இரத்தப் பரிசோதனை கூட வேண்டாம், சொல்வதைக் கேட்டாலே போதும் என்றுதான் இங்கத்தைய வழிகாட்டலில் இருக்கிறதாம். சொல்வதற்கு ஒரு வாய் வேண்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை_சேலம் | 16 நவம்பர், காலை 7:15

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. மனைவிக்கு 47. எங்கள் வீட்டில் ஃபேன் ரெகுலேட்டருக்காக மூன்று மாதமாகச் சண்டை. அவள் ஐந்தில் வைப்பாள், நான் தூக்கத்தில் எழுந்து இரண்டில் வைப்பேன். நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு இன்னொரு போர்வை எடுத்துக்கொண்டேன். நம்மூரில் 47 என்பது சீக்கிரமா டாக்டர்?

மகப்பேறு_மதுரை | 16 நவம்பர், காலை 7:40

இல்லை. மேற்கு நாடுகளில் சராசரி 51, இந்தியாவில் 46, 47. நாற்பதுக்கு முன்னால் நின்றால்தான் கட்டாயம் காரணம் தேடவேண்டும். போர்வைக்கு நன்றி.

இடப்பக்கம் | 16 நவம்பர், காலை 11:20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. எனக்கு 46. நான்கு வருடம் முன் இடப்பக்க மார்பகப் புற்றுநோய். ஹார்மோனால் வளரும் வகை. கீமோவில் மாதவிலக்கு நின்றது, இப்போது புற்று திரும்ப வராமலிருக்க டமாக்சிபென் மாத்திரை எடுக்கிறேன், அதுவும் வெக்கையைக் கிளப்பும். புற்றுநோய் டாக்டரிடம் சொன்னால், "உயிர் பிழைச்சிருக்கீங்களே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். சந்தோஷமாக இருந்துகொண்டே ராத்திரி நான்கு தடவை நைட்டி மாற்றுகிறேன்.

இங்கே எல்லாரும் ஜெல் ஜெல் என்று எழுதும்போது, கடைத்தெருவில் எல்லார் கையிலும் ஐஸ்கிரீம் இருக்க, சர்க்கரை நோயாளி நிற்பது போல இருக்கிறது. எனக்கு ஏதாவது உண்டா?

மகப்பேறு_மதுரை | 16 நவம்பர், இரவு 9:30

உண்டு. உங்களுக்கு ஹார்மோன் கூடாது என்பது உறுதி. ஆனால் வெக்கைக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் இருக்கின்றன. வென்லஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்து குறைந்த அளவில் நன்றாகக் கேட்கும். ராத்திரித் தொந்தரவுதான் அதிகம் என்றால் கேபாபென்டின். இதே வகையில் பராக்செடின் என்றும் ஒன்று எழுதுவார்கள், அது டமாக்சிபெனின் வேலையைக் கெடுக்கக்கூடியது, உங்களுக்கு வேண்டாம். சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். நான் சொன்ன தெர்மோஸ்டாட்டை நேரடியாக அடக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்தை 2023-இல் அமெரிக்கா அனுமதித்தது, மறு ஆண்டே கல்லீரலுக்காக அதற்குக் கறுப்புக் கட்டமும் போட்டார்கள். அதனால் அதையும் அற்புதம் என்று நினைக்க வேண்டாம். வெக்கையை எதிர்கொள்ள ஒருவகை மனப் பயிற்சியும் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு, சி.பி.டி. என்பார்கள்.

"உயிர் பிழைத்தீர்களே" என்று நானும் ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

பொங்கப்பானை | 16 நவம்பர், இரவு 10:00

மகளே, நான் முதல்ல எழுதுனதுல மனசு நொந்திருந்தா மன்னிச்சுக்கோ. மோர்ல எல்லாருக்கும் சரியாகாது போல.

நோட்டெண்ணி | 21 டிசம்பர் 2025, மாலை 5:10

ஒரு மாதம் கழித்து வருகிறேன். வேறொரு டாக்டரைப் பார்த்தேன். இந்த இழையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகவில்லை, பயப்படாதீர்கள், நாலு கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். ஸ்கேனில் சின்ன நார்த்திசுக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஹீமோகுளோபின் 8.9. எரிந்து விழுந்ததில் பாதி அதனாலும் இருக்கலாமாம். இரும்பு மாத்திரை முதலில். மேமோகிராம் எடுத்தோம். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய், இரத்தம் உறைந்த வரலாறு உண்டா, கல்லீரல் எப்படி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஜெல்லும் ராத்திரிக்குப் புரோஜெஸ்டிரோனும் எழுதினார். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்றார். மூன்று வாரம் ஆகிறது. வெக்கை முழுதாகப் போகவில்லை, ஒரு நாளைக்கு எட்டு இருந்தது இரண்டாகியிருக்கிறது. ஐம்பதில் ஒருவர் என்பது ஜெல்லைத் தடவும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். எழுபத்தாறு வயது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் இதைப் பற்றிக் கேட்கிறேன். "எனக்கும் அப்படித்தான் நெஞ்சு அடிச்சுக்கும், வேர்த்துக் கொட்டும். ஆர்ட்டு நோவுன்னு நினைச்சேன். சொன்னா உங்கப்பா நிலத்தை வித்து வைத்தியம் பாப்பாருன்னு சொல்லல. உன் கல்யாணத்துக்கு வச்சிருந்த நகை எந்தப் பானைக்குள்ள இருக்குன்னு பெரியம்மாட்ட மட்டும் காட்டி வச்சேன்" என்றாள். சமையலறையில் பாய் இல்லாமல் வெறுந்தரையில் படுப்பாள். நாங்கள் அதைப் பித்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

லண்டன்_பூவரசு | 21 டிசம்பர், இரவு 9:20

அக்கா, ஜெல் தடவிய கையோடு நோட்டு எண்ணாதேயுங்கோ.

மகப்பேறு_மதுரை | 21 டிசம்பர், இரவு 9:45

வேடிக்கைக்குச் சொன்னாலும் விஷயம் உண்மை. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காயும் வரை அந்த இடம் பேரக் குழந்தைகள் மேலே படக்கூடாது.

பாவூர்ச்சத்திரம்_ராணி | 22 டிசம்பர், காலை 8:30

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெக்ஸா ஸ்கேனுக்கு ஜனவரியில் தேதி. அங்கே இருந்த சின்ன டாக்டரம்மா டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துவிட்டு, "முப்பத்தாறிலயா?" என்று இரண்டு தடவை கேட்டது.

மல்லி_தண்டு | 22 டிசம்பர், இரவு 11:50

புதிய உறுப்பினர். முழு இழையும் படித்தேன். எனக்கு 57, நின்று நான்கு வருடம் ஆகிறது. வெக்கை எல்லாம் எனக்கு இல்லை, அதனால் ஹார்மோன் கேள்வியும் இல்லை. போன வாரம் மட்டும் இரண்டு நாள் லேசாக உதிரம் பட்டது. வயதுக்கு வந்தது மாதிரி இருக்கிறதே என்று மருமகள் சிரித்தாள். இதற்கும் உளுந்தங்களி சாப்பிடலாமா?

மகப்பேறு_மதுரை | 22 டிசம்பர், இரவு 11:56

சாப்பிடுங்கள், ஆனால் நாளைக் காலையில் ஸ்கேனுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுங்கள். நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு வந்தாலும் பார்த்தே ஆகவேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. அந்தப் பத்தாவது ஆள் சீக்கிரம் வந்தால் முழுதாகக் குணப்படுத்தலாம்.

மல்லி_தண்டு | 23 டிசம்பர், காலை 7:05

டோக்கன் போட்டாயிற்று. 14-ஆம் நம்பர். மருமகளும் கூட வந்திருக்கிறாள்.